94 டிகிரி தண்ணீரும் மாமாவின் புல்லட்டும்

ஆக்சிலேட்டர் திரும்பவில்லை. தார்ப்பாயை இழுத்துப் போட்டதும் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: வலது கைப்பிடியைப் பிடித்து முறுக்கினேன். பற்றவைத்த மாதிரி அப்படியே நின்றது. கொஞ்சம் பலம் கொடுத்தேன். உள்ளே எங்கோ ‘டக்’ என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் கைப்பிடி லேசாகச் சுற்றியது. விட்டுவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். கேபிள் நுனியில் இருந்த ஈயக் குண்டு பிய்ந்துபோன சத்தம் அது என்று மறுநாள்தான் தெரிந்தது.

வண்டி என் தாய்மாமாவுடையது. 1984 மாடல் புல்லட் 350. கியர் வலது காலில், பிரேக் இடது காலில் இருக்கும் பழைய ரகம். மாமா அரவேணு பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் டீமேக்கராக, அதாவது தேயிலைத் தயாரிப்பைக் கவனிப்பவராக இருந்தவர். முட்டி தேய்ந்து, 2011-இல் திருப்பூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். வண்டி வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையிலேயே நின்றுவிட்டது. கோத்தகிரிப் பக்கத்து மழையைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஊட்டி, கூடலூருக்கு ஆடியில் கொட்டினால், எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டும். மழை இல்லாத நாளில் மூடுபனி கொட்டகைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். பதின்மூன்று வருஷம் அந்த ஈரத்தில் நின்ற வண்டி.

“ஓட்டலேன்னாலும் பரவால்ல, எடைக்கு மட்டும் போட்டுடாதே” என்று மாமா சொல்லியிருந்தார்.

டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேட்டரைக் கழற்றிக் காட்டினேன். ஆக்சிலேட்டர் சிக்கியிருந்தது அதற்குள்தான். ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. “தூக்கிப் போடுங்க சார், புதுசு மாட்டிக்கலாம்” என்றார்கள். உண்மையைச் சொன்னால் அதுதான் சுலபமான வழி. ஆனால் அந்த மிக்கார்ப் 24 காபரேட்டர் மாமா காலத்திலிருந்து வண்டியோடு இருப்பது. எனக்கு மனசு வரவில்லை. கடைசியில் காரமடையிலிருந்து வந்து கோத்தகிரியிலேயே தங்கிவிட்ட ஒரு வயதான மெக்கானிக்கைப் பிடித்தேன். கடையை மூடிவிட்டவர். கையில் வாங்கி, முகர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

“வூட்டுல சுத்தி இருக்குதுங்களா?”

“இருக்குதுங்கண்ணா.”

“அத எங்கயாச்சும் ஒளிச்சு வெச்சுப்போட்டு வாங்க. அப்புறம் பாக்கலாம்.”

காபரேட்டர் உடம்பு வார்ப்பு உலோகம். இரும்பு மாதிரி வளையாது, அடித்தால் சட்டென்று விண்டுவிடும். அதிலும் மிதவையைத் தாங்கும் இரண்டு சின்னக் கால்கள் உண்டே, அவற்றில் ஒன்று முறிந்தால் கதை முடிந்தது. நெருப்புக் காட்டவும் கூடாது. இந்த மாதிரி வார்ப்புகளில் துத்தநாகக் கலவையாக இருப்பவை நானூறு டிகிரிக்குள்ளேயே உருகிவிடும்.

முதலில் அடியில் பெட்ரோல் தேங்கும் கப். ஸ்டார் தலை ஸ்க்ரூக்கள். என்னிடமிருந்த திருப்புளி ஒவ்வொரு முறையும் வழுக்கிக்கொண்டு மேலே வந்தது. “இது ஜப்பான் டிசைனுங்க, தலை வேற மாதிரி. உங்க திருப்புளி மூக்கு நீளம், அடியில முட்டி நிக்குது” என்று நுனியைக் கல்லில் ஒரு இழுப்பு இழுத்துக் கொடுத்தார். மூன்று ஸ்க்ரூ வந்துவிட்டது. நாலாவதின் தலையை நான் ஏற்கனவே மொழுக்கென்று ஆக்கி வைத்திருந்ததால், ஆக்சா பிளேடால் குறுக்கே ஒரு வெட்டு வெட்டித் திருப்பினோம்.

கப்பைத் திறந்தபோது வந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. பழைய பெயிண்ட் டப்பா, புளித்த ஏதோ ஒன்று, இரண்டும் கலந்த நெடி. அடியில் கருப்பட்டிப் பாகு மாதிரி ஒரு படிவு, ஓரங்களில் வெள்ளை மாவு. பாகு, பெட்ரோல் ஆவியாகிப் போனபின் மிஞ்சிய பிசின். வெள்ளை மாவு, ஈரம் தின்ற உலோகம். பிசினைக் கரைக்கலாம். மாவு பிடித்துக்கொண்டால் அது சிமென்ட்.

பிசினுக்கு மெக்கானிக் அண்ணன் சொன்ன மருந்தைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். நீலகிரித் தைலம். சளிக்கு முகர்கிற அதே தைலம். மிதவை, ரப்பர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஸ்லைடு (ஆக்சிலேட்டர் கேபிள் இழுத்தால் மேலே ஏறிக் காற்றுக்கு வழிவிடும் உருளை) மாட்டியிருந்த குழிக்குள் ஊற்றி ஒரு ராத்திரி வைத்தேன். காலையில் வடித்த டிகாஷன் நிறத்தில் இறங்கியிருந்தது. கடையில் விற்கும் கார்ப் கிளீனர் ஸ்பிரே இதைவிட வேகமாக வேலை செய்யும், ஆனால் கொட்டகை முழுக்க இவ்வளவு மணக்காது.

ஸ்லைடு மட்டும் அசையவில்லை. மூன்று நாள் ஆனது அதற்கு. முதல் நாளே கேபிள் குண்டைப் பிய்த்து வைத்ததால், மேலே இழுக்கப் பிடிமானமே இல்லை. முறுக்கிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு அண்ணன் கையில் ஒன்று போட்டார். ஸ்லைடின் பக்கவாட்டில் ஒரு காடி இருக்கிறது, உடம்பில் இருக்கும் ஒரு குட்டி ஊசி அதற்குள் ஓடுகிறது. முறுக்கினால் ஊசி முறியும். ஐட்லிங் ஸ்க்ரூவும் உள்ளே நீட்டிக்கொண்டுதான் இருக்கும், அதை முதலில் பின்னால் எடுத்துவிட வேண்டும். காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவை எடுக்கும் முன் அது உள்ளே எத்தனை சுற்றுப் போகிறது என்று எண்ணி எழுதிக்கொண்டேன், ஒன்றரை.

அசிட்டோன் பாதி, பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றுகிற ஆயில் பாதி. குலுக்கிக் குலுக்கி ஊற்ற வேண்டும், நிற்கவிட்டால் இரண்டும் பிரிந்துவிடும். ராத்திரி அதில் ஊறல், காலையில் துடைத்துக் காயவைத்து வெந்நீர். அசிட்டோன் ஈரத்தோடு அடுப்புப் பக்கம் போகவே கூடாது என்பதால், சமையலறையில் கொதிக்கவைத்துக் குண்டாவோடு புறக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எங்கள் ஊர் 1,800 மீட்டர் உயரம், தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரமாவது போலவே இதற்கும் கொஞ்சம் பொறுமை வேண்டியிருந்தது. பத்து நிமிஷம் வெந்நீர், அப்புறம் குளிர்ந்த தண்ணீர், மறுபடி வெந்நீர். மூன்றாம் நாள், சைக்கிள் ஸ்போக் ஒன்றின் நுனியைக் கொக்கியாக வளைத்து, கேபிள் மாட்டுகிற துளையில் கோர்த்து நேராக மேலே இழுத்தேன். ஒரு நூல் அளவு மேலே வந்தது. திரும்ப உள்ளே அழுத்தினேன். மறுபடி இழுத்தேன், இரண்டு நூல். அப்படியே முன்னும் பின்னுமாக ஒரு மணி நேரம். ‘பொளக்’ என்று கையோடு வந்தபோது பக்கத்தில் யாரும் இல்லை. சொல்ல ஆள் இல்லாமல் நாய்க்குக் காட்டினேன்.

இனிமேல் அந்தக் குண்டாவை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று என் மனைவி சொல்லிவிட்டாள். நியாயம்தான்.

பைலட் ஜெட் வேறு மாதிரிப் படுத்தியது. வண்டி நிதானமாக ஓடும்போது பெட்ரோலை அளந்து விடும், நடுவில் நுண்துளை உள்ள, குழிக்குள் ஆழத்தில் இருக்கும் பித்தளைத் துண்டு அது. பித்தளை மெத்து. திருப்புளி காடியை முழுக்க நிறைக்காவிட்டால் ஓரத்தைத் தின்றுவிடும், தின்றுவிட்டது. இங்கேதான் வெந்நீரின் கணக்கை அண்ணன் விளக்கினார். பித்தளையைவிட வார்ப்பு உடம்பு சூட்டில் அதிகம் விரியும். எவ்வளவு என்று பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: இத்தனூண்டு ஜெட்டுக்கு, ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக வெட்டினால் அதில் ஒன்றிரண்டு பங்கு. அதனால் ஜெட் தானாகக் கழன்று விழாது. மரைக்கு நடுவே உறைந்த அந்த வெள்ளைச் சிமென்டில் விரிசல் விடும், ஆறும்போது அதற்குள் ஆயில் இறங்கும். நாலு தடவை சூடு காட்டிய பிறகு, பழைய அரம் ஒன்றின் வாலைத் தேய்த்து ஜெட்டின் காடியில் மெல்லத் தட்டி இறக்கி, விரலாலேயே திருப்பினார். வந்துவிட்டது. ஜெட் பாழ், மரைக்கு ஒன்றுமில்லை.

வேகமாக ஓடும்போது பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. அதைக் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, அதிலிருந்த, துளையின் அளவைக் காட்டும் நம்பர் நான் வாங்கியிருந்த ரிப்பேர் கிட்டில் இருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. யாரோ விவரமில்லாதவர்கள் மாற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துப் பழையதை ஒரு தகர டப்பாவில் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினேன். அண்ணன் அன்றைக்கு மருமகள் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார்.

மிச்ச துளைகளைக் குத்தியெடுக்க கரண்ட் ஒயரில் இருக்கும் ஒற்றைச் செம்பு இழை போதும். இரும்புக் கம்பி வேண்டாம், துளையைப் பெரிதாக்கிவிடும். ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால், ஊசி குத்திய மாதிரி வட்டமாக ஒரு பொட்டு தெரிய வேண்டும். பிறைபோலத் தெரிந்தால் இன்னும் அழுக்கு இருக்கிறது. ஸ்லைடையும் அது ஓடுகிற குழியையும் பிராஸோ போட்டுத் துணியால் மட்டும் தேய்த்தேன். உப்புத்தாள் படவே கூடாது.

புதுக் கேபிள், புது வாஷர், புது பெட்ரோல். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆகவே வண்டியை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் டேப்பை மூடி, காபரேட்டர் காலியாகும்வரை ஓடவிட்டு நிறுத்துகிறேன்.

கிக்கரை மெல்ல மிதித்து, கரண்ட் காட்டும் அம்மீட்டர் முள்ளை நடுவில் நிறுத்தி, எஞ்சினுக்குள் அழுத்தத்தைக் குறைக்கும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து விட்டு, பதினோராவது கிக்கில் பிடித்தது. அந்த ‘டப்... டப்...’ சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து லைன் வீட்டிலிருந்து ஒரு பாட்டி வெளியே வந்து, “டீமேக்கர் வந்துட்டாரா?” என்றாள்.

ஆனால் ஏற்றத்தில் இழுக்கவில்லை. மந்தமாக இருந்தது, பிளக் கழற்றினால் கரி. பெட்ரோல் குறையட்டும் என்று, ஸ்லைடில் தொங்கும் நீள ஊசியின் கிளிப்பை ஒரு காடி மேலே ஏற்றிப் பார்த்தேன், கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். மாமாவுக்குப் போன் போட்டேன்.

“மெயின் ஜெட் எது போட்டிருக்கே?”

“கிட்டுல வந்த புதுசு மாமா. பழசு ஏதோ தப்பான நம்பர்.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “டேய், அது தப்பு நம்பர் இல்லடா. நம்ம மலையில காத்து கம்மி. மேட்டுப்பாளையத்துக் காத்துல ஏழுல ஒரு பங்கு இங்க இருக்காது. அதுக்குத்தான் சின்னது போட்டது. கீழ ரெண்டு நாள் தங்கற மாதிரி போனாத்தான் வழியில குஞ்சப்பனையில நிறுத்திப் பெருசு மாத்துவேன். டூல் பாக்ஸ்ல இருக்கும் பாரு.”

போய்ப் பார்த்தேன். ஸ்பேனர்களுக்கு அடியில், நாலாக மடித்த டீ சாம்பிள் கவர் ஒன்று. உள்ளே ஒரு பித்தளை ஜெட், பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகும் மஞ்சளாகவே இருந்தது. கவரின் மேல் பென்சிலால் ‘கீழே’ என்று எழுதியிருந்தது.