குசினி இல்லாத ஒரு கிழமை

2024 ஜூன் 16, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே மேசன் அண்ணை வந்து குசினி நிலத்தை உடைத்துப் போட்டார். "ஒரு கிழமை வேலை தங்கச்சி" என்றார். மேசன்மாரின் ஒரு கிழமைக்கு எத்தனை நாள் என்று எல்லாருக்கும் தெரியும். காஸ் அடுப்பு விறாந்தையில், சிலிண்டர் மாமரத்தடியில், சட்டி பானை முழுக்க எங்கள் கட்டிலுக்குக் கீழே. விறாந்தையிலேயே சமைக்கலாம்தான், ஆனால் என் மனிசன் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்தக் கிழமை நீர் அடுப்புப் பக்கம் போகவேண்டாம், வெளியிலை சாப்பிடுவம்" என்றார். நான் மறுபேச்சுப் பேசவில்லை.

அம்மாதான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீங்கள் போய்த் தின்னுங்கோ. எனக்கு ஒரு றாத்தல் பாணும் ரெண்டு வாழைப்பழமும் போதும்." அம்மாவுக்குக் கடைச் சாப்பாடு என்றால் வீடில்லாதவர்கள் தின்கிற சாப்பாடு. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், பிறகு எழுதுகிறேன்.

இரவு கிளிநொச்சி டவுனுக்குப் போனோம். ஏ9 வீதியில் எந்தக் கடையில் கொத்துப் போடுகிறார்கள் என்று தேடத் தேவையில்லை, கல்லில் தகடு விழுகிற சத்தம் நூறு யார் தள்ளியே கேட்கும். கொத்துப் போட்ட பெடியனுக்கு இருபது வயதும் இராது. வெங்காயம், லீக்ஸ், கரட் எல்லாவற்றையும் வதக்கி ஓரமாக ஒதுக்கி, இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி, கிழித்த ரொட்டியைக் கொட்டி, இரண்டு கையாலும் ஒரு தாளத்தில் கொத்திக்கொண்டே பக்கத்தில் நின்றவனோடு கிரிக்கெட் கதைத்தான். கடைசியில் ஆட்டிறைச்சிக் குழம்பு ஒரு கரண்டி. அது கல்லில் விழுந்ததும் ஒரு புகை எழும்பும் பாருங்கள், நான் காசு கொடுப்பது அதற்குத்தான்.

எங்களை உள்ளே திரைச்சீலை தொங்குகிற பமிலி றூமுக்கு அனுப்பப் பார்த்தார்கள். பொம்பிளை வந்தால் உடனே திரைக்குப் பின்னால் விடவேண்டும் என்று யார் சொன்னதோ தெரியாது. அங்கே காற்றும் இல்லை, பார்க்க ஒன்றும் இல்லை. நான் றோட்டைப் பார்க்கிற மேசையில் போய் இருந்தேன். ஒரு கொத்து வாங்கி இரண்டு கோப்பையில் பிரித்தோம், அதுவே மிஞ்சியது.

ஜூன் 17, திங்கள்

ஹஜ் பெருநாள் லீவு. மாபிள் வாங்க வவுனியா போனோம். போகும்போதே இவரின் கனவு முழுக்க புரியாணி, ஆனால் அவருக்குப் பிடித்த கடைக்காரருக்கே இன்றைக்குப் பெருநாள், கதவு பூட்டு. நாட்காட்டியைப் பார்த்து லீவு என்று சந்தோசப்பட்ட மனிசனுக்கு ஏன் லீவு என்பது அங்கே போய்த்தான் உறைத்தது. சைவக்கடையில் மசாலாத் தோசை தின்றோம், குறை சொல்ல ஒன்றும் இல்லை. திரும்பும் வழியில் இவரோடு வயறிங் வேலை செய்கிற நண்பர் வீட்டில் ஐந்து நிமிடம் என்று இறங்கி ஒன்றரை மணித்தியாலம் இருந்தோம். வட்டிலப்பம் ஒரு ரின் நிறையக் கட்டித் தந்தார்கள். புளியங்குளம் தாண்டுவதற்குள் பாதி முடிந்துவிட்டது.

ஜூன் 18, செவ்வாய்

மத்தியானம் நான் வேலை செய்கிற கச்சேரியிலிருந்து (மாவட்டச் செயலகம்) நாங்கள் நாலு பேர் அம்மாச்சிக்குப் போனோம். மாகாண விவசாயத் திணைக்களம் தொடங்கிய கடை, சமைப்பதும் விற்பதும் எல்லாம் பெண்கள். எங்களுக்கு முன்னாலேயே தோசை சுடுவார்கள், வடை போடுவார்கள், ஒளிவு மறைவு இல்லை. நான் குரக்கன் புட்டும் சம்பலும் எடுத்தேன். தோசைக் கல்லுக்குப் பின்னால் நின்ற அக்கா வரிசையில் நின்ற ஒரு பெரிய மனிசரைப் பார்த்து, "ஐயா, கொஞ்சம் பொறுங்கோ, உங்களுக்கு மட்டும் ரெண்டு கையாலை சுட ஏலாது" என்றார். அவர் பேசாமல் நின்றார். இங்கே பமிலி றூம் கிடையாது, அதுவே எனக்கு அரை வயிறு நிறைந்த மாதிரி.

ஜூன் 19, புதன்

இன்றைக்கு ஆள் கூடிவிட்டது. என்னோடு படித்தவள் ஒருத்தி கனடாவிலிருந்து வந்து நிற்கிறாள் (இனிக் கனடாக்காரி), இவரின் கூட்டாளி வாத்தியாரும் அவரின் மனிசியும் வந்தார்கள். பின்னேரம் இரணைமடுப் பக்கம் போனோம். சிறுபோக வயல் இரண்டு பக்கமும் பச்சைப் பசேலென்று, குளத்துக் காற்று வேறு. வழியில் ஒரு தகரக் கொட்டில் கடை, பெயர்ப்பலகை கூட இல்லை. "என்ன இருக்கு?" என்று கேட்டதற்கு, கடைக்கார அண்ணை மூச்சு விடாமல், "சோறு இருக்கு புட்டு இருக்கு விரால் குழம்பு இருக்கு திலாப்பியாப் பொரியல் இருக்கு கோழி முடிஞ்சுது" என்றார்.

விரால் குழம்பு எடுத்தோம். குளத்து மீனில் சேற்று மணம் அடிக்கும் என்று கடல் மீன் தின்று வளர்ந்தவர்கள் நக்கல் அடிப்பார்கள். சரி, அடிக்கும்தான், கழுவத் தெரியாவிட்டால். இந்த மனிசன் உப்பும் புளியும் போட்டு உரஞ்சிக் கழுவி, பழப்புளி தூக்கலாக விட்டு, வெந்தயம் தாளித்து வைத்திருந்தார். கோப்பைக்கு மேலே விரித்த லஞ்ச் சீற் காற்றுக்குப் படபடவென்று அடித்தது, சோறு விழும்வரைக்கும் ஐந்து பேரும் ஆளுக்கொரு கையால் அமத்திக்கொண்டு இருந்தோம்.

கை துடைக்கத் தந்தது பழைய சோதனைத் தாளை வெட்டிய துண்டுகள். வாத்தியார் தன் துண்டைத் துடைக்காமல் வாசிக்கத் தொடங்கினார். எட்டாம் ஆண்டு விஞ்ஞானம். ஒரு பெடியன் ஒளித்தொகுப்புக்கு எழுதிய விடை, பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. "ரெண்டு புள்ளி குடுக்கலாம்" என்றார் கொஞ்சம் யோசித்துவிட்டு. மனிசி அதைப் பறித்து வாயைத் துடைத்துவிட்டார்.

நான் மேசனைப் பற்றி ஒரு பாட்டம் முறைப்பாடு வைத்தேன். மூன்று நாளாக ஒரு பக்கச் சீமெந்து கூடப் போடவில்லை. அதற்கு வாத்தியார் குளக்கட்டுப் பக்கம் கையைக் காட்டி, "தங்கச்சி, இந்தக் குளம் 1902இலை தொடங்கி 1920இலைதான் கட்டி முடிச்சவங்கள். பதினெட்டு வருசம். உம்மடை குசினிக்கு ஒரு கிழமை பொறுக்கேலாதோ?" என்றார். மற்ற எல்லாரும் சிரித்தார்கள். நான் இன்னொரு துண்டு விரால் வாங்கினேன்.

ஜூன் 20, வியாழன்

காலையில் வேலைக்குப் போகும் வழியில் பிளேன்ரீயும் மிதிவெடியும். கனடாக்காரிக்குப் பெயரைக் கேட்டதும் முகம் மாறியது. ரோல்ஸ் மாதிரித்தான், அதைவிடப் பெரிது, உள்ளே இறைச்சியும் முட்டையும் அடைத்துப் பொரிப்பது. இங்கே சண்டைக் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயர் ஒன்றும் செய்வதில்லை, "அண்ணை, ரெண்டு மிதிவெடி, சூடாப் பார்த்து" என்று கேட்டு வாங்கித் தின்கிறோம். தட்டு நிறைய ரோல்ஸ், வடை, பற்றிஸ் எல்லாம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள், தின்றதை மட்டும் எண்ணிக் காசு. இவள் முழுத் தட்டையும் நாங்கள்தான் கேட்டோம் என்று நினைத்துப் பயந்து போனாள்.

இரவு வாத்தியாரின் மனிசிக்குப் பிறந்தநாள். ஏசி போட்ட ஒரு இடம், பெயர் வேண்டாம். கதிரை மெத்தென்று இருந்தது, மெனு பத்துப் பக்கம், நாங்கள் கேட்டதில் மூன்று "இண்டைக்கு இல்லை". பிரைட் றைஸ் வர ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும். இடையில் கரண்ட் வேறு போய், போன் வெளிச்சத்தில் கேக் வெட்டினோம். அதுதான் அன்றைய இரவின் நல்ல பகுதி, இருட்டில் வாத்தியார் மனிசிக்கு ஊட்டுவதாக நினைத்து எங்கள் ஆளின் வாயில் கேக்கை வைத்தார். பில்லில் நாங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீர்ப் போத்தலுக்கும் விலை போட்டு, அதற்கு மேலே பத்து வீதம் சேவைக் கட்டணம். சொன்னதும் வெட்டிவிட்டார்கள், போத்தலை மட்டும். டெவில் இறால் நல்லது என்பதையும் எழுதாவிட்டால் பாவம்.

ஜூன் 21, வெள்ளி

பொசன் போயா லீவு, வெள்ளிக்கிழமை வேறு, ஆகவே மரக்கறி. முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்கவேண்டும் என்று அம்மா கனநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார், அதனால் எங்களோடு வரச் சம்மதித்தார். ஏ9ஆல் போகிற வாகனம் முறிகண்டியில் நிற்காமல் போனால் சாரதிக்கே மனம் கேட்காது. கற்பூரம், தேங்காய், பிறகு மணலில் வறுத்த கச்சான் ஒரு சரை, இதுதான் ஒழுங்கு. இன்றைக்கு றோட்டோரத்தில் பாலைப்பழமும் இருந்தது. கனடாக்காரி ஆசையில் இரண்டு கை அள்ளித் தின்று, பால் பிசினாக ஒட்டி, பத்து நிமிடத்தில் மேல் உதடும் கீழ் உதடும் பிரியமாட்டேன் என்றது. அம்மா தன் கைப்பையிலிருந்து தேங்காயெண்ணெய்ப் போத்தல் எடுத்துக் கொடுத்தார். அந்தப் பையில் எண்ணெய் ஏன் இருந்தது என்று கேட்கவில்லை, அம்மாவின் பையில் எல்லாம் இருக்கும்.

திரும்பி வர ஒரு மணியாகிவிட்டது. சைவக்கடைக்கு முன்னால் நிறுத்தினோம். அம்மா இறங்கவில்லை. கனடாக்காரிதான், "வாங்கோ அம்மா, உங்களோடை இருந்து சாப்பிட எனக்குப் பதினைஞ்சு வருசத்துக்குப் பிறகு இப்பத்தான் கிடைச்சிருக்கு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

வாழையிலை போட்டார்கள். பரிமாறுகிற தம்பி வாளியோடு வந்து, "அம்மாக்கு என்ன சோறு? குத்தரிசியோ, வெள்ளையோ?" என்று கேட்டான். அம்மா என்னைப் பார்த்தார். பதில் தெரியாத பிள்ளை ரீச்சரைப் பார்க்கிற மாதிரி.

2009இல் சண்டையில் இடம்பெயர்ந்து செட்டிக்குளம் அகதி முகாமில் நாங்கள் இருந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. காலையிலேயே அம்மா அலுமினியக் கோப்பையோடு வரிசைக்குப் போவார். வெயிலில் நின்று கோப்பையை நீட்டினால் அதில் என்ன விழுகிறதோ அதுதான் சாப்பாடு. என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை, கேட்க முடிகிற இடமும் இல்லை அது. வெளியே வந்த நாளிலிருந்து அம்மா இன்னொருவர் கையால் போட்ட சோற்றைத் தொட்டதில்லை. கலியாண வீடு, செத்த வீடு, எங்கே போனாலும் ஒரு சோடாவோடு எழும்பிவிடுவார்.

தம்பி வாளியோடு நின்றுகொண்டே இருந்தான், அவசரப்படுத்தவில்லை. "குத்தரிசி" என்றார் அம்மா. கொஞ்சம் பொறுத்து, "சூடா இருந்தால் மட்டும் போடு தம்பி."

சூடாகத்தான் இருந்தது. பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பயிற்றங்காய், வல்லாரைச் சம்பல், அப்பளம், மோர்மிளகாய், ரசம். கத்தரிக்காய்க்கு உப்புக் காணாது என்றார், பால்கறியில் பெருஞ்சீரகம் கூட என்றார், இரண்டும் சரிதான். ஆனால் மோர்மிளகாய் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். நாங்கள் ஒருவரும் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. இவர் மட்டும் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார்.

ஜூன் 22, சனி

வான் பிடித்து முல்லைத்தீவு. அம்மா வரவில்லை. "அந்த றோட்டாலை நான் வரேல்லை" என்றார், நானும் கட்டாயப்படுத்தவில்லை. பரந்தனில் திரும்பும்போது வானுக்குள் ஒரே பாட்டும் கூத்தும், புதுக்குடியிருப்புத் தாண்டியதும் தானாக ஒருவர் பாட்டை நிறுத்திவிட்டார். முள்ளிவாய்க்கால், 2009இல் சண்டை முடிந்த இடம். போன மாதம்தான் அந்த நினைவுநாளுக்குச் சிரட்டையில் கஞ்சி குடித்தோம், அரிசியும் தண்ணீரும் உப்பும். வட்டுவாகல் பாலத்தில் எதிரே ஒரு லொறி வந்ததால் நின்று, பிறகு மெதுவாக ஏறினோம். கீழே தண்ணீரில் இரண்டு பேர் வலை வீசிக்கொண்டிருந்தார்கள். பாலம் கடந்த பிறகு கனடாக்காரி, "பசிக்குது" என்றாள். அதுதான் சரியான பேச்சு.

கடற்கரைப் பக்கக் கடை ஒன்றில் களப்பு நண்டு. சட்டியோடு கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தார்கள், மேலே முருங்கையிலை மிதந்தது. நண்டுக் குழம்புக்கு முருங்கையிலை போடாதவர்களோடு எனக்குப் பேச்சில்லை. உறைப்பு மூக்கால் வந்தது. பெரிய கால் ஒன்றை உடைக்க ஏலாமல் நான் பல்லோடு மல்லுக்கட்ட, இவர் அதை வாங்கி, தண்ணீர்க் கிளாசின் அடியால் ஒரு தட்டுத் தட்டி, சதையை முழுசாக உருவி என் கோப்பையில் வைத்தார். அவர் சட்டைப் பொக்கற் வரைக்கும் குழம்பு. கலியாணம் முடித்து ஒன்பது வருசம், பூ வாங்கித் தந்தது ஒரு தரமோ இரண்டு தரமோ, நண்டு உடைக்காமல் விட்டது ஒரு நாளும் இல்லை.

ஒன்றரை மணித்தியாலம் ஒருவரும் போனைத் தொடவில்லை. தொட ஏலாது, கை அப்படி. கடைக்காரர் மிச்சக் குழம்புக்கென்று கேட்காமலே இன்னும் ஒரு தட்டுப் புட்டுக் கொண்டுவந்து வைத்தார், அதற்குக் காசும் எடுக்கவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

மேசன் அண்ணை காலையில் வந்து, மாபிள் பதித்தாயிற்று, ஆனால் இன்னும் இரண்டு நாளைக்கு ஒருவரும் மேலே கால் வைக்கக்கூடாது என்றார். நான் வழக்கம்போலச் சண்டை பிடிப்பேன் என்று பார்த்து, நான் "சரி அண்ணை" என்றதும் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. விறாந்தையில் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

அம்மா பாணைப் பிய்த்துக்கொண்டே, "இண்டைக்கும் வெளியிலையோ?" என்றார். ஓம் என்றேன். "அப்ப அந்தச் சைவக்கடைக்கே போங்கோ, மற்றக் கடையளை நம்பேலாது" என்றார். கொஞ்சம் கழித்துப் பார்க்கிறேன், சீலை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறார்.