நீல் ரோட்டில் ஒரு நீலச் சுவர்

மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு பணி கொடுத்திருந்தார்கள். சிங்கப்பூர் நகரத்தில் ஏதாவது ஓர் இடத்துக்குப் போக வேண்டும். கைப்பேசியில் படம் எடுக்கக் கூடாது, வரைந்து வர வேண்டும். அவள் தேர்ந்தெடுத்தது 157 நீல் ரோடு, பாபா ஹவுஸ். சனிக்கிழமை காலை அவள் கிளம்பும்போது என் அப்பாவும் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். வயது எழுபத்தெட்டு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளுக்குச் சாயம் பூசியே முப்பது ஆண்டுகளை ஓட்டியவர். "பழைய வீடு என்கிறாளே, பார்த்துவிட்டு வருகிறேன்" என்றார். அவர் தெருவைக் கடக்கும் அழகு எனக்குத் தெரியும் என்பதால் நானும் கூடவே போனேன்.

ஊட்ரம் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். 1890-களில் கட்டிய வீடு. கப்பல் வணிகர் வீ பின்னின் வழிவந்த பெரனாக்கான் (மலாய் வழக்கங்களோடு கலந்துவிட்ட சீனர்) குடும்பம் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தது. ஆக்னஸ் டான் தம் தந்தை துன் டான் செங் லாக்கின் நினைவாகக் கொடுத்த நன்கொடையைக் கொண்டு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் அதை வாங்கியது. அதன் கட்டடக்கலைத் துறையும் நகர மறுசீரமைப்பு ஆணையமும் சேர்ந்து பழுதுபார்க்க, 2008-இல் திறந்தார்கள். உள்ளே 1928-ஆம் ஆண்டுவாக்கில் இருந்தபடி அறைகளை அமைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் அரும்பொருளகம்தான் நடத்துகிறது.

இதெல்லாம் மகள் வழியில் சொல்லி வந்தது. அப்பா ஒன்றையும் காதில் வாங்கவில்லை. வீட்டின் முன் போய் நின்றதும் மூக்கு இடிக்கும் அளவுக்குச் சுவரை நெருங்கினார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான். தொடக் கூடாது என்று நான் இரண்டு முறை சொல்லியிருந்தேன்.

"இது பெயிண்ட் இல்லை. சுண்ணாம்பு. நீலம் போட்டிருக்கிறார்கள்."

உள்ளே அழைத்துப் போக வந்த பெண்மணி திரும்பிப் பார்த்தார். மகள் மொழிபெயர்த்ததும், ஆமாம் என்று தலையாட்டினார். அவ்வளவுதான், அப்பாவுக்குப் பட்டுக்கோட்டைப் பக்கத்துச் சொந்த ஊர் வந்துவிட்டது. பொங்கலுக்குப் பத்து நாளைக்கு முன்பே கிளிஞ்சலை நீற்றி மொடாவில் ஊற வைப்பார்களாம். அது கொதிக்கிற சத்தம் திண்ணை வரை கேட்குமாம். பழுப்பு தெரியாமல் இருக்க ஒரு சிட்டிகை நீலம். அடிப்பதற்கு நுனியை நசுக்கிய பனைமட்டை. "சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். இதன் மேல் ஆயில் பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு, பாளம் பாளமாக உரிந்து விழும்." மகள் வரைவதை நிறுத்திவிட்டு எழுதத் தொடங்கினாள். இத்தனை ஆண்டுகளில் அப்பாவின் வேலையைப் பற்றி அவளோ நானோ ஒரு கேள்வி கேட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

உள்ளே முன்கூடத்தில் பூசை மேடை, கருமையான மரச்சாமான்கள், நடுவில் வானம் தெரியும் முற்றம். செட்டிநாட்டு வீட்டைச் சுருக்கி ஒடுக்கி நிறுத்தியது போல இருந்தது. மாடிப் படுக்கையறையின் தரையில் ஒரு சிறிய துவாரம் இருக்கிறது. கூடத்துக்கு வந்திருப்பவர் யார் என்று அந்த வீட்டுப் பெண்கள் மேலிருந்தே பார்த்துக்கொள்வதற்காம். முழங்கால் வலியால் நான் மாடி ஏறவில்லை. சற்று நேரத்தில் தலைக்கு மேலே அப்பாவின் இருமல் கேட்டது. நிமிர்ந்தேன். துவாரத்தில் ஒரு கண். அது விலகியதும் இன்னொரு கண். மகள் அன்று வரைந்ததில் எனக்குப் பிடித்தது அந்தப் படம்தான்: தாள் முழுக்கக் கரியைத் தீட்டி, நடுவில் விரலளவு வெளிச்சம் விட்டு, அதற்குள் என் தலை வகிடு.

வெளியே வந்ததும் அப்பா, "நீல் ரோடு என்பதால்தான் நீலம் அடித்தார்களோ?" என்று சிரித்தார். நீலுக்கும் நீலத்துக்கும் தொடர்பில்லை. 1857 கிளர்ச்சியை அடக்கப் போன மதராஸ் படைப்பிரிவின் கர்னல் நீல் அவர். அலகாபாத்தில் நடத்திய கொடுமைகளுக்குப் பேர்போனவர், லக்னோவில் செத்தார். மறு ஆண்டே சிங்கப்பூரில் தெருக்களுக்கு நீல், ஊட்ரம், ஹேவ்லாக் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சென்னையில் இதே நீலுக்கு மவுண்ட் ரோட்டில் சிலை இருந்தது. அதை அகற்றச் சொல்லி 1927-இல் சத்தியாகிரகம் நடந்தது. 1937-இல் ராஜாஜி ஆட்சிக்கு வந்த பிறகு சிலையை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கூடத்துக்குள் போய்விட்டவர் இங்கே இன்னமும் தெருவில்தான் நிற்கிறார். நாற்பது ஆண்டுகளாக இந்த ஊரில் இருக்கும் எனக்கு அவரை மகளின் வீட்டுப்பாடம்தான் அறிமுகப்படுத்தியது.

திரும்பும் வழியில் சிட்டி ஹாலில் இறங்கி, செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் கட்டிய கோயில் அது. உள்சுவரில் அவர்கள் பூசியதற்கு 'மெட்ராஸ் சுனாம்' என்று பெயர். சுனாம் என்றால் வேறென்ன, நம் சுண்ணாம்புதான். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் என்று அவள் வாசிக்க, அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். தேங்காய் மட்டையில் மட்டும் நின்றார். "எங்கள் பக்கம் கடுக்காய்த் தண்ணீர். இங்கே கடுக்காய்க்கு எங்கே போயிருப்பார்கள், பாவம்."

பணியைச் சமர்ப்பிக்கும் முன் படத்தின் பின்பக்கத்தில் அப்பாவின் கையெழுத்திலேயே செய்முறையை எழுதி வாங்கினாள். கிளிஞ்சல் இத்தனை படி, தண்ணீர் இத்தனை குடம், நீலம் ஒரு சிட்டிகை. திங்கட்கிழமை கொடுத்தாகிவிட்டது. அப்பாவுக்குத்தான் இன்னும் தூக்கம் வரவில்லை. நீலம் அரைச் சிட்டிகைதானாம். படத்தைத் திரும்ப வாங்கித் திருத்திக் கொடுக்க முடியுமா என்று தினமும் கேட்கிறார்.