இங்கேதானே! – ஒரு மோட்டார் சங்கச் செயலாளரின் நாட்குறிப்பு

செப்டம்பர் 16, 2025, செவ்வாய்

மலேசியா தினம். சுங்கை சிப்புட்டிலிருந்து சங்கத்து மோட்டார் சைக்கிள்கள் 23 கிளம்பின. கோலகங்சார் வரை பழைய சாலை, அங்கிருந்து 76ஆம் எண் சாலையில் லெங்கோங். மழையும் இல்லை, மண்டையைப் பிளக்கும் வெயிலும் இல்லை. கொடுத்து வைத்த நாள்.

புறப்படும் முன் தலைவர் அண்ணன் வழக்கமான பாடத்தை நடத்தினார். ஒருவர் பின்னால் ஒருவராக ஒட்டிக்கொண்டு போகாதே. ஒருவர் இடம், அடுத்தவர் வலம். முன்னால் போகிறவர் ஒரு கம்பத்தைத் தாண்டியதும் எண்ணத் தொடங்கு, நீ அந்தக் கம்பத்துக்கு வர இரண்டு விநாடியாவது ஆகணும். மழை என்றால் நான்கு. வளைவில் ஒற்றை வரிசை. கடைசியில் வரும் ஸ்வீப்பருக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. கையுறை, பூட்ஸ், ஒளிரும் சட்டை என்று எல்லாரும் சாமி புறப்பாடு மாதிரி இருந்தோம். லெங்கோங்கில் புளிக்கவைத்த மீன் பெக்காசம் வாங்கியவர்களை மட்டும் வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிட்டோம். அந்த வாசத்துக்குப் பின்னால் ஓட்ட யாராலும் முடியாது.

மாலை ஆறரைக்குக் கடைத்தெருவில், காலையில் பூட்ஸோடு வந்த அதே அண்ணன் ஒருவரை மோட்டாரில் பார்த்தேன். காலில் சிலிப்பர், தலையில் ஒன்றும் இல்லை, முன்னால் கூடையைப் பிடித்தபடி நிற்கிற பிள்ளை. "என்னண்ணே இது?" என்றேன். "இங்கேதானே தம்பி" என்றார். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

செயற்குழு. டீ-சட்டை நிறத்துக்கு 55 நிமிடம். தமிழ்ப்பள்ளியில் நடத்தப்போகும் பாதுகாப்பு நாளுக்குப் பத்து நிமிடம். கடைசியில் நிறமும் முடிவாகவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

மூன்று வருடமாக நான் தொண்டை வறளக் கத்தியும் நடக்காத ஒன்று இந்த வாரம் நடந்துவிட்டது. சங்கத்துப் பெரியவர்கள் லைசென்ஸ் புதுப்பிக்க ஓடுகிறார்கள்.

காரணம் நான் இல்லை, பெட்ரோல். 30ஆம் தேதி முதல் பூடி 95 என்ற அரசாங்கச் சலுகைத் திட்டத்தில் ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 காசு. மைகார்டு அடையாள அட்டை வேண்டும், அதோடு உயிரோடு இருக்கிற லைசென்ஸும் வேண்டும். லைசென்ஸ் செத்துப்போனவர்களுக்குச் சலுகை கிடையாது. தபால் நிலையத்தில் நேற்று நம்ம ஆட்கள் ஆறு பேர் வரிசையில். ஒரு மாமாவுக்கு லைசென்ஸ் முடிந்து மூன்று வருடம் தாண்டிவிட்டதாம், இனி முதலிலிருந்து எடுக்கணும். "கப்சாய் மோட்டார் கண்டுபிடிச்ச காலத்திலிருந்து ஓட்டுறேன், எனக்கு எவன் பரீட்சை வைப்பான்?" என்று கோபப்படுகிறார். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி விபத்தானால் இன்சூரன்ஸ் கைவிரிக்கும் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! லிட்டருக்குச் சில காசு சாதித்ததை என் வாய் சாதிக்கவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூசை. வொர்க்ஷாப் வாசலில் மோட்டார்கள் எல்லாம் குளித்து, சந்தனம் குங்குமம் பூசி நின்றன. டயருக்கு ஒரு எலுமிச்சம்பழம். நசுக்கியாயிற்று, இனிப் பயமில்லை.

வொர்க்ஷாப் தம்பி டயர் ஓரத்தில் இருக்கும் நான்கு எண்களைப் படிக்கக் கற்றுக்கொடுத்தான். 2318 என்றால் 2018ஆம் வருடத்து 23ஆவது வாரம் செய்தது. பொட்டு வைத்த டயர்களில் மூன்று, பள்ளிக்கூடம் போகிற வயசு. பார்வைக்கு டயரின் பூ (பள்ள வரிகள்) நன்றாக இருந்தாலும் ரப்பர் காய்ந்து கல்லாகியிருந்தது.

அக்டோபர் 3, வெள்ளி

எழுதவே கூச்சமாக இருக்கிறது. விழுந்துவிட்டேன்.

தேங்காய்ப்பால் வாங்கத்தான் போனேன். வீட்டிலிருந்து 800 மீட்டர் இருக்குமா? தூறல். நம்ம ஊர் வழக்கப்படி ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டேன். தலைக்கவசத்தைத் தலையில் வைத்தேன். வாரை மாட்டவில்லை. இங்கேதானே.

தோட்டத்து மண்சாலை தார்ச்சாலையைத் தொடும் முக்கில், செம்பனை லோரி சிந்திவிட்டுப் போன உதிரிப் பழங்கள். காய்ந்த நாளில் கோலிக்குண்டு மாதிரி உருளும். இன்று கார்கள் நசுக்கிய எண்ணெயும் தூறலும் சேர்ந்து தாரே பளபளவென்றிருந்தது. முன்பிரேக்கை லேசாகத் தொட்டேன், அவ்வளவுதான். முன்சக்கரம் என் கையை விட்டுப் போனது தெரிந்தது. அடுத்து வானம் தெரிந்தது.

பின்மண்டை தாரில் மோதியது. அந்த அடியைத் தலைக்கவசம் வாங்கிக்கொண்டது. உடனே கழன்று உருண்டு லோங்காங்கில், சாலையோர வடிகாலில், விழுந்தது. அடுத்த அடிக்கு அது தலையில் இல்லை. தலை போய் விழுந்த இடத்தில் புல் இருந்தது. அரை அடி தள்ளி லோங்காங்கின் சிமெண்டு விளிம்பு.

முழங்கையும் முட்டியும் தோல் உரிந்தது. வேறு ஒன்றுமில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் குளியலறையில் வழுக்கிவிட்டது என்றேன். ஜாக்கெட்டைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

மறைக்க முடியவில்லை. எங்கள் ஊரில் ஒரு மோட்டார் விழுந்தால் கீறல் காய்வதற்குள் சேதி ரோத்திக் கடைக்கு வந்துவிடும். கூட்டத்தில் நானே எழுந்து சொன்னேன். வார் மாட்டவில்லை என்பதையும் சொன்னேன். யாரும் சிரிக்காதது சிரித்ததைவிடச் சங்கடமாக இருந்தது.

பொருளாளர் அக்கா ஒரு தொழிற்சாலையில் ஆள்கணக்குப் பார்ப்பவர். உடனே விஷயத்துக்கு வந்தார். "வேலைக்குப் போற வழி, வர்ற வழின்னா பெர்க்கேசோ தொழிலாளர் காப்புறுதி இருக்கு தம்பி. சாப்பாட்டு இடைவேளைக்குப் போயிட்டு வந்தாக்கூட இருக்கு. தேங்காய்ப்பாலுக்குக் கிடையாது." வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வராமல் சொந்த வேலையாக வழி மாறினாலும் சிக்கல்தான் என்றார். அப்போதுதான் சிரித்தார்கள். ஆனால் இரவு வேலை பார்க்கிற இரண்டு தம்பிகள் கூட்டம் முடிந்ததும் அக்காவைச் சுற்றிக்கொண்டு தங்கள் வழியை விலாவாரியாகக் கேட்டார்கள்.

தலைக்கவசத்தை வொர்க்ஷாப் தம்பி ஹேக்சாவால் இரண்டாக அறுத்தான். வெளி ஓட்டில் ஒரு கீறல், அவ்வளவே. கழுவி மாட்டிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன். உள்ளே, ஐஸ் பெட்டியில் இருக்குமே வெள்ளை நுரை, அது பின்பக்கம் கட்டைவிரல் அகலத்துக்கு அமுங்கிக் கிடந்தது. ஒருமுறை அமுங்கினால் அது எழும்பாது, அடுத்த அடியைத் தாங்க அங்கே ஒன்றுமில்லை என்றான். அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். பிறகு பின்மண்டையைத் தொட்டுப் பார்த்தேன். ஏனோ இரண்டு முறை.

அக்டோபர் 11, சனி

தமிழ்ப்பள்ளியில் பாதுகாப்பு நாள். தர்பூசணியைப் போட்டு உடைத்துக் காட்டலாம் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றேன். போனமுறை செய்தோம், பிள்ளைகள் அதைச் சாப்பிட்டதுதான் மிச்சம்.

போக்குவரத்துப் போலீஸ் சார்ஜன் வந்து பேசினார். இந்த நாட்டில் சாலையில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டார்க்காரர்களும் பின்னால் உட்கார்ந்தவர்களும்தான் என்றார். தலைக்கவசச் சட்டம் 1973இலிருந்தே இருக்கிறது என்றதும் ஆசிரியர்களே நிமிர்ந்தார்கள். பகலிலும் விளக்கு எரியணும் என்ற விதி 1992இல் வந்தது. பேட்டரி வீணாகுதே என்று அப்பா அப்போது புலம்பியது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அறுத்த தலைக்கவசம் கைமாறிக் கைமாறிப் போனது. ஒரு பையன் பாதியைக் கவிழ்த்துப் பார்த்து, இதில் மீ கோரேங் சாப்பிடலாம் என்றான். பெற்றோருக்குச் சிரிம் தர முத்திரையை எங்கே பார்ப்பது, வாருக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் மட்டும் போகும்படி எப்படி இறுக்குவது என்று காட்டினோம். பெண்கள் பக்கமிருந்து ஒரு கேள்வி வந்தது: "எல்லாம் சரி, தலையில பூ வெச்சா எப்படிப் போடுறது?" எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. சார்ஜனும் கடிகாரத்தைப் பார்த்தார்.

அக்டோபர் 14, செவ்வாய்

முக்கில் சிந்தும் பழத்தைப் பற்றிப் பேசப் போனோம். மில்லில் கேட்டால் லோரி குத்தகைக்காரருடையது. குத்தகைக்காரரைக் கேட்டால் வலை கட்டுவது டிரைவர் வேலை. டிரைவர், வலை கொடுத்தால் கட்டுகிறேன் என்கிறார். சரி, பேச்சு போகட்டும் என்று ஈர்க்குமாறோடு ஏழு பேர் இறங்கிப் பெருக்கினோம். இரண்டு சாக்கு நிரம்பியது. அதை மில் வாசலிலேயே வைத்துவிட்டு வந்தோம். திரும்பி வரும்போது இன்னொரு லோரி எங்களைத் தாண்டிப் போனது. பின்னால் டப், டப், டப்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. நாலரைக்கு எண்ணெய்க் குளியல், ஆறுக்கு முறுக்கு, ஏழுக்கு அம்மாவைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போகணும். ஒன்றரைக் கிலோமீட்டர்.

அம்மா புதுச் சேலையில் வாசலுக்கு வந்தார். கையில் மூன்று முழம் மல்லிகை, தலையில் இல்லை. வாழையிலையில் சுற்றி மோட்டார் கூடையில் வைத்துவிட்டு, "ம், குடு" என்று தலைக்கவசத்துக்குக் கை நீட்டினார். வாரை நானே மாட்டினேன். குளியலறையில் வழுக்கியதைப் பற்றி இன்னும் அவர் கேட்கவில்லை.

கோயில் வாசலில் ஜம்பு மரத்தடியில் ஏற்கெனவே நான்கைந்து பெண்கள். பள்ளியில் கேள்வி கேட்டவரும் இருந்தார். ஒருவர் பல்லில் ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டு இன்னொருவர் கொண்டையில் பூச்சரத்தைச் சுற்றுகிறார். அம்மா வாழையிலையைப் பிரித்துக்கொண்டு வரிசையில் போய் நின்றார். செருப்பு வைக்கும் பலகை முழுக்கத் தலைக்கவசம். பூசாரி எட்டிப் பார்த்து, "செருப்பை எங்கேம்மா விடுறது?" என்றார்.