“தினமும் கொஞ்சம் தண்ணி மட்டும் ஊத்திடுங்க”

பத்து நாள் பயணம். பெட்டி கட்டியாயிற்று, கேஸ் மூடியாயிற்று. கடைசி நிமிடத்தில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, சாவியை நீட்டிக்கொண்டே எல்லாரும் சொல்கிற வசனம் ஒன்று உண்டு: “மாடியில நாலு செடி இருக்குக்கா. தினமும் கொஞ்சம் தண்ணி மட்டும் ஊத்திடுங்க.” நாலு என்று சொன்னது எண்ணிப் பார்த்தால் நாற்பது. அது போகட்டும். அந்தக் ‘கொஞ்சம்’ இருக்கிறதே, அதுதான் பாதிச் செடியைக் காயப்போட்டு மீதியை அழுகவைக்கும்.

அக்கா நல்ல மனசுக்காரர். அங்கேதான் வினையே. பந்தி வஞ்சனை அவருக்குத் தெரியாது. தக்காளிக்கு ஒரு மக், அடீனியத்துக்கு ஒரு மக், கற்றாழைக்கு ஒரு மக், ‘பாவம், வளரவே இல்ல’ என்று கள்ளிச்செடிக்கு ஒன்றரை மக். பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் காய்ப்பில் நிற்கும் தக்காளி நல்ல வெயில் நாளில் ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கும். பக்கத்தில் அதே அளவு தொட்டியில் உட்கார்ந்திருக்கும் அடீனியமோ பருத்த அடித்தண்டுக்குள் தண்ணீரைப் பதுக்கி வைத்திருக்கிறது. பத்து நாளைக்கு அதற்கு ஒரு சொட்டும் வேண்டாம். இரண்டுக்கும் ஒரே அளவு என்றால் ஒன்று தாகத்தில் போகும், இன்னொன்று நீச்சல் தெரியாமல் போகும்.

இதில் பீஸ் லில்லி என்று ஒரு நாடகக்காரி வேறு. தாகம் எடுத்தால் மொத்த இலையையும் தரையில் போட்டு ஒப்பாரி வைக்கும்; தண்ணீர் ஊற்றினால் சில மணி நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து நிற்கும். அதை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், இலை தொங்கினால் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அக்கா மனதில் பதிந்துவிடும். அந்த ஞானத்தோடு பிற்பகல் இரண்டு மணிக்கு மாடியேறினால் பூசணி இலைகள் மடக்கிய குடைபோல் தொங்கிக்கொண்டிருக்கும். உடனே போட்டோ பறந்து வரும்: “உங்க பூசணி மயங்கி விழுந்துடுச்சு!”

அதற்கு மயக்கமெல்லாம் இல்லை. உச்சிவெயிலில் இலை ஈரத்தை விடுகிற வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாது. மண் ஈரமாக இருந்தாலும் தொங்கும். வெயில் தாழ்ந்ததும் தானாக நிமிரும். காலை ஏழு மணிக்கும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் விஷயம் இருக்கிறது. அப்போது இரண்டு விரற்கணு ஆழத்துக்கு மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். காய்ந்திருந்தால் தாகம். சொதசொதவென்று இருந்தும் தொங்கினால் வேர் மூச்சுத் திணறி அழுகத் தொடங்கியிருக்கிறது. அதற்கு மருந்தே தண்ணீரை நிறுத்துவதுதான். போட்டோவை மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியாது. “விரலை விட்டுப் பாருங்கக்கா” என்றால் அக்கா அதற்கெல்லாம் தயாராகவும் இருக்க மாட்டார், நகத்தில் மண் ஏறும்.

தென்னைநார்க் கழிவு அதிகம் கலந்த தொட்டியில் வேறொரு ஏமாற்று வேலை நடக்கும். நாலு நாள் சரியாகக் காய்ந்தால் அந்தக் கலவை சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகிவிடும். மேலே ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாகவே சரசரவென இறங்கி அடி ஓட்டையில் கொட்டும். ‘கீழ வழியுது, போதும்’ என்று பார்ப்பவர் நகர்ந்துவிடுவார். நடுவில் இருக்கும் வேருண்டை பொட்டல் காடு. தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்: தண்ணீர் குடித்த தொட்டி கனக்கும், குடிக்காதது தக்கைபோல் வரும். அப்படி வந்தால் மேலே ஊற்றிப் பயனில்லை. தொட்டியோடு ஒரு டப் தண்ணீரில் இறக்கி வைத்து, குமிழி வருவது நிற்கும்வரை, சுமார் அரை மணி நேரம், ஊறவிட வேண்டும்.

ஆக, அக்காவுக்குப் பாடம் நடத்துவதைவிட அவர் வேலையைக் குறைப்பது சுலபம். தண்ணீரைத் தனக்குள் சேமித்து வைக்கும் பாம்புச் செடி, இசட் இசட் செடி, கற்றாழை, அடீனியம், ஜேடு, கள்ளி எல்லாவற்றையும் புறப்படுகிற அன்று கண்ணில் படாத மூலைக்குக் கடத்திவிடுங்கள். வெளிச்சம் இருந்தால் போதும். கண்ணில் பட்டால் மனசு இளகும், மனசு இளகினால் மக் சாயும். மாற்ற இடமில்லாதவர்கள் தொட்டியில் சிவப்பு டேப் ஒட்டலாம். சிவப்பு என்றால் தொடாதே. நீலம் என்றால் தினமும் ஒரு லிட்டர். பச்சை என்றால் மூன்று நாளைக்கு ஒரு தடவை. இதற்கு மேல் நாலாவது நிறம் வேண்டாம். அக்காவுக்கும் வேறு வேலை இருக்கிறது. மக் வீட்டுக்கு வீடு மாறுகிற சமாசாரம் என்பதால் ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றையே அளவாகக் கொடுத்துவிடுவது நல்லது. புறப்படும் முந்தைய நாள் அவரையே ஒரு தடவை ஊற்றச் சொல்லிப் பாருங்கள். பாட்டிலை ஒரே இடத்தில் கவிழ்த்து வேருக்குப் பக்கத்தில் குழி பறிக்கிறாரா, இலைமேல் அபிஷேகம் செய்கிறாரா என்று அப்போதே தெரிந்துவிடும்.

தாகக்காரச் செடிகளை மட்டும் ஒன்றாகக் கூட்டி நெருக்கி வையுங்கள். பெரிய தொட்டிகள் சுற்றிலும், சின்னத் தொட்டிகள் நடுவிலும். மாலை வெயில் சாய்ந்து அடிக்காத இடமாக இருக்கட்டும். சுட்ட மண்தொட்டி சுவர் வழியாகவும் ஈரத்தை விடும் என்பதால் அது உள்வட்டத்துக்கு, பிளாஸ்டிக் வெளிவட்டத்துக்கு. மண்ணின்மேல் இரண்டு அங்குலக் கனத்துக்குக் காய்ந்த இலையைப் பரப்பினால் மேல்மண் உலர்வது நன்றாகக் குறையும். அடித்தட்டில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுப் போகலாமே என்று தோன்றும். இரண்டு நாள் விடுப்புக்குச் சரி. பத்து நாள் தேங்கினால் அடிவேர் அழுகும். கொசு முட்டையிலிருந்து இறக்கை முளைத்துப் பறக்கவும் அந்தப் பத்து நாள் தாராளம்.

வாளித் தண்ணீரைத் துணித்திரி வழியே தொட்டிக்குக் கொண்டுபோகும் திரி முறை நம்பகமானது, ஆனால் பழகிப் பார்க்காமல் வைத்தால் கேலிக்கூத்து. பழைய பருத்திப் பனியனை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து முறுக்கிக்கொள்ளுங்கள். திரியை முதலில் முழுக்க நனைத்துவிட்டு, ஒரு முனையைத் தொட்டி மண்ணில் நாலு அங்குலம் புதைத்து, மறு முனையை வாளியின் அடிவரை விட வேண்டும்; மிதந்தால் ஒரு கல்லைக் கட்டலாம். வாளியை ஸ்டூல்மேல் வைத்து, தண்ணீர் மட்டம் தொட்டி மண்ணைவிடச் சற்று மேலே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். திரி நடுவில் தொய்ந்து தொங்கவே கூடாது. தொங்கினால் அந்தத் தொய்விலிருந்தே விடியவிடியச் சொட்டி வாளி காலியாகும். தளம் பளிச்சென்று கழுவிவிட்டதுபோல் இருக்கும், செடி காய்ந்திருக்கும். வெயிலில் நிற்கும் திரி நடுவழியிலேயே உலர்ந்துவிடும் என்பதால் ஒரு துண்டு ரப்பர் குழாய்க்குள் நுழைத்து விடுங்கள். வாளிக்கு மூடி அவசியம். பயணத்துக்கு மூன்று நாள் முன்பே வைத்து, வாளியில் மார்க்கர் கோடு போட்டு, ஒரு நாளைக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். தக்காளி, கத்தரி மாதிரி குடிகாரர்களுக்கு ஒரு திரி காணாது. இரண்டு மூன்று வைக்க வேண்டியிருக்கும்.

மூடியில் துளை போட்டு மண்ணில் கவிழ்த்த தண்ணீர் பாட்டிலை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். பொலபொலப்பான மாடித்தோட்டக் கலவையில் ஒரு லிட்டர் பாட்டில் ஒரு மணி நேரத்தில் காலி. கெட்டி மண்ணில் மூடித்துளை அடைத்துக்கொண்டு பத்து நாளும் நிரம்பியபடியே நிற்கும்.

டைமர் வைத்த சொட்டுநீர் பெரிய தோட்டத்துக்குத்தான் பொருந்தும். மணிக்கு நாலு லிட்டர் என்று எழுதியிருக்கும் சொட்டுவான் (தண்ணீர் சொட்டும் குழாய்முனை) பதினைந்து நிமிடத்தில் ஒரு லிட்டர் தர வேண்டும். மாடித் தண்ணீர் டேங்கின் குறைந்த அழுத்தத்தில் அவ்வளவு வராது; ஒரு டம்ளரைக் கீழே வைத்து அளந்து நேரத்தைக் கூட்டுங்கள். டைமர்களில் சில வகை அழுத்தம் இல்லாமல் திறக்கவே திறக்காது. குறைந்த அழுத்தத்துக்குப் பந்து வால்வு உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். வடிகட்டியைக் கழுவி, பேட்டரியைப் புதிதாகப் போட்டு, ஒரு வாரம் வீட்டில் இருந்தபடியே ஓட்டிப் பார்த்த பிறகு கிளம்புங்கள்.

இவ்வளவையும் செய்கிறவர்கள்கூட ஒன்றில் சறுக்குவார்கள். ‘பத்து நாள் இருக்க மாட்டோமே’ என்கிற பாசத்தில் புறப்படும் முன் ஒரு கை உரம் அள்ளிப் போடுவார்கள். மண் காயக் காய உரத்தின் உப்பு வேரைச் சுற்றிச் செறிந்து வேர் கருகும். கருகாமல் தப்பினால் புதுத்தளிர் விட்டு இன்னும் அதிகமாகத் தண்ணீர் கேட்கும். உரம், தொட்டி மாற்றம், நாற்று நடவு மூன்றையும் திரும்பி வந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதில் இலைகளைத் திருப்பிப் பாருங்கள். செம்பருத்தித் தளிர் இடுக்கில் இன்று நாலு மாவுப்பூச்சி இருந்தால் பத்து நாளில் செடியே மாவில் புரட்டி எடுத்ததுபோல் ஆகிவிடும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கலக்கச் சில சொட்டுத் திரவ சோப்பு. சாயங்காலத்தில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி. வெயிலில் அடித்தால் இலை பொசுங்கும்.

பறிக்க வேண்டியதை ஈவு இரக்கமில்லாமல் பறித்துவிடுங்கள். வெண்டை பூத்து ஐந்தாறு நாளில் பறிப்புக்கு வரும். ‘நாளைக்கு இன்னும் கொஞ்சம் நீளட்டும்’ என்று விட்ட பிஞ்சு, நீங்கள் வரும்போது கதவுக்கு முட்டுக்கொடுக்கும் பதத்தில் இருக்கும். அதைவிடப் பெரிய நஷ்டம், விதை முற்றத் தொடங்கினால் செடி ‘வம்சம் வளர்ந்தாச்சு’ என்று புதுப்பூ விடுவதைக் குறைத்துக்கொள்வது. சுண்டுவிரல் அளவுப் பிஞ்சு, மலர்ந்த பூ வரைக்கும் கிள்ளிவிடலாம். வெள்ளரியும் கத்தரியும் அப்படியே. தக்காளியின் அடியில் லேசாக நிறம் திரும்பியிருந்தால் பறித்து அறையிலேயே வைத்தால் பழுக்கும். ரோஜாவில் வாடின பூவோடு மொட்டையும் வெட்டுங்கள், ஐந்து சிற்றிலை உள்ள இலைக்கு மேலாக. வெட்ட மனசு வராது. நீங்கள் இல்லாத பத்து நாளில் அது யாரும் பார்க்காமலே பூத்து உதிரத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டால் கை தானாக வெட்டும்.

திரும்பி வந்த அன்று இன்னொரு ஆபத்து நீங்களேதான். செருப்பைக்கூடக் கழற்றாமல் குழாயைத் திறந்து எல்லாத் தொட்டியிலும் வெள்ளம் விடுவது. வறண்டு கிடந்த தக்காளி ஒரேயடியாகக் குடித்தால் பழம் உப்பித் தோல் வெடிக்கும்; அன்று அரை வயிறு, மறுநாள் முழு வயிறு என்று கொடுங்கள். பழத்தின் அடியில் கறுப்புத் தட்டு விழுந்திருந்தால் நோய் என்று மருந்துக்கு ஓட வேண்டாம். ஈரம் விட்டுவிட்டுக் கிடைத்ததில் சுண்ணாம்புச் சத்து பழத்துக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். அந்தப் பழங்களை எடுத்துவிட்டு ஒரே சீராகத் தண்ணீர் கொடுத்தால் அடுத்த கொத்து சரியாக வரும். நிழலில் இருந்த செடிகளை நேரே வெயிலுக்குத் தூக்காமல் மூன்று நாலு நாளில் படிப்படியாக நகர்த்துங்கள். இல்லாவிட்டால் இலை வெளுத்துக் கருகும். குச்சியாகிவிட்ட ரோஜாவைப் பிடுங்கி எறியும் முன் பட்டையை நகத்தால் ஒரு கீறு. உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

அக்கா எப்படியோ மூலையைக் கண்டுபிடித்து அடீனியத்தைக் குளிப்பாட்டியிருந்தால் அடித்தண்டை அமுக்கிப் பாருங்கள். கல்லுப்போல் இருந்தால் சரி. சற்றே சுருங்கியிருந்தால் அது தாகம், பயமில்லை. கூழாக அமுங்கினால் தொட்டியிலிருந்து எடுத்து, கெட்டியான வெள்ளைச் சதை வரும்வரை கத்தியால் செதுக்கி, நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, காய்ந்த மணல் கலவையில் நட்டு, அதற்கப்புறமும் ஒரு வாரம் தண்ணீர் காட்டாமல் வையுங்கள். “ஏன் செடியைக் குப்புறப் போட்டுக் காய வெச்சிருக்கீங்க?” என்று அக்கா கேட்டால் காற்றோட்டத்துக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். பொய்யும் இல்லை.

முற்றிப்போன வெண்டையில் ஒன்றிரண்டைச் செடியிலேயே விடுங்கள். பழுப்பாகக் காய்ந்து, விளிம்பு பிளக்கும்போது பறித்து உதிர்த்தால் அடுத்த பருவத்துக்கு விதையாயிற்று. நாட்டு ரகமாக இருந்தால்தான், ஒட்டுவீரிய விதை தாயைப்போல் வராது. பாதியைத் தாளில் மடித்து அக்காவுக்குக் கொடுக்கலாம். அடுத்த பயணத்துக்கும் சாவி அங்கேதானே போகப்போகிறது.