பாலக்கோட்டிலிருந்து ஒகேனக்கல் வரை: வேன் பேசிச் சென்ற ஒரு குழுப் பயணம்

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதன்முதலாக 1989-இல் எங்கள் தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கப்பட்டன. கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004-இல் என்பதால், அன்றைய தருமபுரி ஓசூர் வரை நீண்டிருந்தது. அந்த மரபில் வந்ததுதான் பாலக்கோடு அருகே உள்ள எங்கள் கிராமத்துக் குழுவும். கூடிச் சேமிக்கவும் கடன் வாங்கி அடைக்கவும் பழகிய எங்களுக்குள், ஒருநாளாவது எல்லோரும் சேர்ந்து வெளியே போய்வர வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது. ஒகேனக்கல் எங்கள் மாவட்டத்திலேயே இருந்தும் அதைக் கண்ணால் பார்க்காத பெண்கள் குழுவில் சிலர் இருந்தனர் என்பதே, பொங்கல் கழிந்ததும் அங்கே போகலாம் என்று முடிவெடுக்கப் போதுமான காரணமாக இருந்தது.

நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனாலும் முழங்கால் வலியோடு இருக்கும் பாட்டிமாரையும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களையும் அழைத்துக்கொண்டு இரண்டு மூன்று இடங்களில் பேருந்து மாறுவதும், மாலையில் திரும்பும் பேருந்துக்காகக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பதும் அந்த நாளின் மகிழ்ச்சியைத் தின்றுவிடும். ஆகவே வண்டி பேசுவது என்று தீர்மானித்தோம்.

பக்கத்து ஊர்க் குழுவையும் சேர்த்துக்கொண்டு பெரிய பேருந்தாகப் பிடித்தால் தலைக்கு விழும் தொகை குறையும் என்று சிலர் சொன்னார்கள். கணக்குக்கு அது சரிதான். ஆனால் எங்கள் ஊர்ச் சந்துக்குள் மின்கம்பி தாழ்ந்து தொங்குகிறது. எதிரே ஒரு டிராக்டர் வந்தால் பெரிய பேருந்து ஒதுங்க இடமில்லை. அதற்கு மேல், பென்னாகரத்தைத் தாண்டிக் காட்டுக்குள் இறங்கும் மலைப்பாதையில் நீளமான வண்டி ஒவ்வொரு வளைவிலும் எதிர்த்தடத்தில் ஏறித்தான் திரும்பியாக வேண்டும். சாலையை மனத்தில் ஓட்டிப் பார்த்த பிறகே வண்டியின் அளவைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இருபதுக்குச் சற்று மேற்பட்ட இருக்கைகள் கொண்ட வேன் எங்களுக்குப் போதும் என்று வலியுறுத்தினேன். படி தாழ்வாக உள்ள வண்டியாகவும் கேட்டோம். முதியவர்கள் ஏறி இறங்க ஒரு மர முக்காலியைக் கையோடு கொண்டுபோனது பெரிய உதவியாக இருந்தது.

வண்டி விசாரித்தபோது, மிகக் குறைந்த வாடகைக்கு ஒருவர் வெள்ளை போர்டு வண்டியைத் தருவதாகச் சொன்னார். அதை அப்போதே மறுத்துவிட்டோம். வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மஞ்சள் நிற எண் பலகையும் அதற்குரிய பெர்மிட்டும் கட்டாயம். சொந்த உபயோகத்துக்கென்று பதிவான வண்டியை வாடகைக்கு ஓட்டி விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகிவிடும். மிச்சமாகும் சில ஆயிரத்துக்காகக் குழுவிலுள்ள குடும்பங்களின் பாதுகாப்பை ஈடு வைக்க முடியாது. வண்டியின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டால் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று, காப்பீடு, புகைச் சான்று ஆகியவை எதுவரை செல்லும் என்பது தெரிந்துவிடும். வாடகை வண்டிக்கு முதல் எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும், பழைய வண்டியானால் அந்தத் தேதியைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. எங்கள் குழுப் பெண் ஒருவரின், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள்தான் இதை உட்கார்ந்து பார்த்துச் சொன்னாள்.

வாடகைப் பேச்சில் நான் அதிகக் கவனம் செலுத்தியது கிலோமீட்டர் கணக்கில்தான். வெளியூர்ப் பயணம் என்று பேசினால், ஒரு நாளைக்குக் குறைந்தது 250 அல்லது 300 கிலோமீட்டருக்கான தொகையைக் கேட்பது இந்தத் தொழிலில் வழக்கம். தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் ஏறத்தாழ 46 கிலோமீட்டர்தான். நாங்கள் சுற்றிப் போய்த் திரும்பினாலும் அந்த 250 கிலோமீட்டரில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. ஓடாத தூரத்துக்குப் பணம் கொடுப்பதைவிட, நாள் வாடகையும் டீசலும் தனித்தனியாகப் பேசுவது உள்ளூர்ப் பயணங்களுக்கு ஏற்றது. மீட்டர் எங்கிருந்து தொடங்குகிறது என்பதையும் கேட்க வேண்டும். வண்டி நிற்கும் ஷெட்டிலிருந்துதான் பெரும்பாலும் கணக்கு. ஓசூரில் நிற்கும் வண்டியைப் பேசினால் அது காலியாக வந்துபோகும் தூரமும் வழியிலுள்ள சுங்கமும் நம் தலையில்தான் விழும். பாலக்கோட்டிலேயே நிற்கும் வண்டியை நாங்கள் தேர்ந்தெடுத்தது அதனால்தான். ஓட்டுநரின் பேட்டா, பார்க்கிங், இரவு தாமதமானால் கூடுதல் தொகை என எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொண்டோம்.

பனி விலகுவதற்கு முன்பே கிளம்பிவிட்டோம். பாலக்கோட்டிலிருந்து பாப்பாரப்பட்டி வழியாகப் பென்னாகரம் செல்லும் சாலையில், இருபுறமும் தக்காளித் தோட்டங்களும் ராகிக் கொல்லைகளும் பனிக்குள் மெல்லத் தெளிந்துவந்தன. பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா நினைவிடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். தொழுநோயைக் காரணம் காட்டி அவர் ரயிலில் பயணம் செய்ய ஆங்கிலேய அரசு தடை விதித்தது. அதற்குப் பிறகும் அவர் கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் ஊர் ஊராகச் சென்று விடுதலையைப் பற்றிப் பேசினார். பாரத மாதாவுக்கு இங்கே ஒரு கோயில் எழுப்ப விரும்பிய அவர், 1925 ஜூலை 23 அன்று இதே ஊரில் உயிர்நீத்தார். ரயில் வண்டியில் ஏற அனுமதி மறுக்கப்பட்ட ஒரு மனிதர் நடந்த மண்ணில், நாங்கள் விரும்பிய இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்குகிறோம் என்ற எண்ணம் என்னை வெகுநேரம் பேசவிடவில்லை.

பென்னாகரத்தில் சிற்றுண்டி முடித்தோம். பெண்கள் அதிகம் உள்ள பயணத்தில் கழிப்பறைக்கு எங்கே நிறுத்துவது என்பதை முன்கூட்டியே ஓட்டுநரிடம் சொல்லிவைப்பது மிகவும் அவசியம். சொல்லக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் வரும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பெட்ரோல் பங்குகளில் நிறுத்தும்படி முதலிலேயே பேசிக்கொண்டோம்.

மலைப்பாதை தொடங்கும் இடத்தில் ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டி, பின்னால் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “அக்கா, இங்கிருந்து இறக்கம். ரெண்டாவது கியர்லதான் போவேன், லேட்டாகுதுன்னு யாரும் சொல்லாதீங்க. எழுந்து ஆடுறதும் வேணாம்.” பாட்டை நிறுத்தும்படி நானே சொன்னேன். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே போனால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். தாழ்ந்த கியரில் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். தாமதத்தைப் பொருட்படுத்தாமல் அப்படி ஓட்டும் ஒருவர் கிடைப்பது, இருக்கை மெத்தையையும் ஏசியையும்விடப் பெரிய வசதி.

ஒகேனக்கல்லில் நீர்வரத்து மிதமாக இருந்ததால் பரிசல் ஓடியது. கர்நாடக அணைகளில் திறக்கும் நீர் பிலிகுண்டுலு வழியாகத்தான் தமிழகத்துக்குள் வருகிறது. அங்கே அளவு கூடியதும் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை விதித்துவிடும். ஆடி, ஆவணி மாதங்களில் போக நினைப்பவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் செய்தியைப் பார்ப்பது நல்லது. ஆடிப்பெருக்கு நாளில் வண்டியை நிறுத்தவே இடம் கிடைக்காது. உயிர்காப்பு உடை அணிந்து, கரும்பாறைச் சுவர்களுக்கு நடுவே பரிசலில் போனபோது, எழுபது வயதைக் கடந்த எங்கள் பாட்டி ஒருவர் காவிரியைக் கையால் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சமைக்க அடுப்போ சிலிண்டரோ நாங்கள் கொண்டுபோகவில்லை. ஆட்கள் ஏறும் வண்டியில் சிலிண்டரை ஏற்றுவது ஆபத்து, தேவையும் இல்லை. மீனையும் அரிசியையும் வாங்கிக் கொடுத்தால், அங்கேயே சமைத்துக் கொடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் வைத்த குழம்பின் காரமும் மணமும் வீட்டில் வராது.

ஓட்டுநருக்கு முதல் பந்தியிலேயே சாப்பாடு போட்டு, மர நிழலில் இரண்டு மணி நேரம் படுக்கச் சொன்னோம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்றும், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓய்வின்றி வேலை வாங்கக் கூடாது என்றும் வகுத்தது. ஆனால் சுற்றுலா வேன் ஓட்டுபவரை, அவர் ஓய்வெடுக்க வேண்டிய நேரத்திலும் பைகளைத் தூக்கவும் டீ வாங்கி வரவும் ஏவுகிற குழுக்கள் ஏராளம். அது எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. நம் உயிரை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு அவர் தூக்கத்தைப் பறிப்பது எந்த வகையில் நியாயம்?

மூன்றரை மணிக்கே கிளம்பியதால் வெளிச்சத்திலேயே மலை ஏறிவிட்டோம். திரும்பும்போது தருமபுரி வழியாக வந்து, அதியமான்கோட்டைக் காலபைரவரைக் கும்பிட்டோம். தேய்பிறை அஷ்டமியன்று அந்தக் கோயிலில் கூட்டம் நெரியும் என்பதால் அந்த நாளைத் தவிர்த்திருந்தோம். அருகிலுள்ள சென்னராயப் பெருமாள் கோயிலின் பழைய சுவரோவியங்களைப் பார்க்க நேரம் போதவில்லை. அதற்கெனத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

இருட்டிய கொஞ்ச நேரத்தில் ஊர் சேர்ந்ததும், காலையில் படம்பிடித்து வைத்திருந்த மீட்டர் அளவோடு இப்போதைய அளவை ஒப்பிட்டு, வண்டி விளக்கின் கீழேயே கணக்கை முடித்தோம். பேட்டாவை உரிமையாளரிடம் சேர்த்துக் கொடுக்காமல் ஓட்டுநர் கையிலேயே கொடுத்தோம். அடுத்த முறை வத்தல்மலைக் காப்பித் தோட்டங்களுக்குப் போகலாம் என்று பெண்கள் அங்கேயே பேசத் தொடங்கினார்கள். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளுக்கு இந்த வேனே நீளம். இரண்டு சிறிய வண்டிகளாகப் பேசுங்கள் என்று ஓட்டுநர் சொல்லிவிட்டுப் போனார். அப்படியே குழுவின் நோட்டில் குறித்துவைத்திருக்கிறேன்.