ஆரூரில் ஒரு சாயரட்சை

சிவபெருமான் தியாகராசராக எழுந்தருளியிருக்கும் சப்தவிடங்கத் தலங்கள் ஏழையும் ஒரே நாளில் பார்த்து முடிக்கும் வழக்கம் இப்போது பெருகிவிட்டது. நண்பகலில் நடை சாத்துவதற்குள் அடுத்த ஊரை எட்டிவிட வேண்டும் என்ற பதற்றத்தில் கண் கடிகாரத்திலேயே இருக்கும். நடுவில் எந்த மூர்த்தியைப் பார்த்தோம் என்பதுகூட மாலையில் குழம்பிவிடும். ஆகவே இம்முறை திருவாரூரிலேயே தங்கிவிடுவதென்று நானும் மனைவியும் முடிவு செய்தோம்.

ஏழு தலங்களிலும் பெருமானுக்கு ஏழு வகை நடனம். திருநள்ளாற்றில் உன்மத்த நடனம். நாகையில் கடலலை எழுந்து விழுவது போன்ற பாராவாரதரங்க நடனம். ஆரூரில் அசபா நடனம். தியாகராசரின் வடிவமான சோமாஸ்கந்த மூர்த்தியை, அதாவது உமையோடும் கந்தனோடும் அமர்ந்த சிவனை, திருமால் தம் மார்பில் வைத்து வழிபட்டபோது, அவருடைய மூச்சு ஏறி இறங்கிய அசைவிலேயே பெருமானும் ஆடினார் என்பது தலபுராணம். பின்னர் இந்திரனிடம் இருந்த அம்மூர்த்தியை முசுகுந்த சோழன் பெற்று ஆரூருக்குக் கொண்டுவந்தான். உதடு அசையாமல் மூச்சோடு மூச்சாக ஓடும் செபமே அசபை என்பதால், இந்த நடனத்தைக் காணத் திருவிழா நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றியது.

கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்பார்கள். ஒரு வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர் என்றால், கோயில் மட்டுமே 33 ஏக்கர். அவ்வளவு பரப்பையும் மூச்சைக் கவனித்தபடியே நடக்க முயன்றேன்; பத்தடிக்கொரு முறை நினைவு வேறெங்கோ ஓடியது, மறுபடி இழுத்து வந்தேன். தேவாசிரிய மண்டபத்தருகே சற்று நேரம் உட்கார்ந்தோம். அங்கே கூடியிருந்த அடியார்களை வணங்காமல் நேரே இறைவனிடம் சென்ற சுந்தரரை விறன்மிண்டர் என்ற அடியார் கடிந்துகொண்டதும், அதன் பயனாக அடியார்களைப் போற்றிச் சுந்தரர் பாடிய திருத்தொண்டத்தொகை பிறந்ததும் இவ்விடத்து வரலாறு. இன்றும் அம்மண்டபத்தைத் திரும்பிப் பாராமல் சன்னிதிக்கு விரைபவர்களே அதிகம்.

மாலை 6 மணி அளவில் நடக்கும் சாயரட்சைப் பூசையில் தேவர்களும் வந்து கலந்துகொள்வதாக நம்பிக்கை. தியாகராசர் சன்னிதியில் நந்தி படுத்திருக்கவில்லை. நான்கு கால்களையும் ஊன்றி, புறப்படத் தயாராய் நிற்கிறார். திரை விலகும் நேரத்தில் பக்கத்தில் நின்ற முதிய அம்மாள், “தம்பி, கொஞ்சம் தள்ளிக்குங்க, சாமி மறைக்குது” என்றார். நகர்ந்தேன். மலர்க் குவியலுக்கு மேலே முகம் மட்டும் தெரிந்தது. மற்றெல்லாம் மறைந்திருப்பதால் பார்வை அலைய இடமில்லை. தீபாராதனை முடியும் வரை என் மூச்சும் அந்த முகமும் தவிர வேறெதுவும் நினைவில் வரவில்லை. கண்டது அவ்வளவுதான், ஆனால் முழுவதுமாகக் கண்டேன்.

மறுநாள் காலை ஏழில் மற்றொன்றான திருக்காரவாசலுக்கு மட்டும் சென்று திரும்பினோம். மற்ற ஐந்து தலங்களும் அடுத்தடுத்த பயணங்களுக்கு. ஆரூர் செல்பவர்கள் சாயரட்சைக்கு அரை மணி நேரம் முன்பே சன்னிதிக்கு வந்துவிடுவது நல்லது. பிறகு வந்தால் திரைக்கு நேரே நிற்க இடம் கிடைப்பது கடினம்.