இரண்டு நாள் கேமரா

ஒரு சந்திப்பில் சிவப்பு விளக்கு எரிந்த பின்னும் வாகனங்கள் நிற்காமல் போகின்றன என்று புகார் வந்தால், பெரும்பாலோருக்கு உடனே தோன்றுவது நிரந்தரக் கேமராவும் அபராதமும்தான். போக்குவரத்துக் கணக்கெடுப்பிலேயே பல ஆண்டுகளைக் கழித்துவிட்ட எனக்கோ, இரண்டு நாளாவது ஒரு தற்காலிகக் கருவியைக் கட்டிப் பார்க்காமல் எதையும் சொல்ல வாய் வருவதில்லை. எத்தனை பேர் மீறுகிறார்கள் என்பதைவிட, சிவப்பு விழுந்து எவ்வளவு நேரம் கழித்து மீறுகிறார்கள் என்பதே எனக்கு வேண்டிய விவரம்.

கருவி என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கம்பத்தில் பட்டை போட்டு இறுக்கிய ஒரு கேமராவும், கீழே பூட்டிய பெட்டிக்குள் ஒரு பேட்டரியும்தான். 1965-இல் நெதர்லாந்தின் கேட்சோமீட்டர் நிறுவனம் கொண்டுவந்த முதல் சிவப்பு விளக்குக் கேமரா, சாலையின் குறுக்கே விரித்த ரப்பர் குழாய்களின் மீது சக்கரம் ஏறும்போதுதான் படம் எடுத்தது. அத்தகைய குழாய் இன்றும் வாகனங்களை எண்ணப் பயன்படுகிறது. ஆனால் அந்த நொடியில் விளக்கு என்ன நிறத்தில் இருந்தது என்று குழாய்க்குத் தெரியாது. அதை அறிய சிக்னல் பெட்டியைத் திறந்து கம்பி இணைக்க வேண்டும். நிறுத்தக் கோட்டுக்குப் பின்னால், பேருந்து மறைக்காத உயரத்தில், கோடும் விளக்கும் ஒரே காட்சிக்குள் அடங்குமாறு கேமராவை வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

தொல்லை வேறு வடிவில் வரும். ஒருமுறை பதிவைக் கொண்டுவந்து ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தபோது, எரிந்துகொண்டிருந்த எல்இடி விளக்கு சில ஃபிரேம்களில் முற்றிலும் இருண்டு கிடந்தது. கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் அது துடிப்பதையும், ஷட்டர் நேரத்தை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமரா ஒளியை உள்ளே விடும் நேரத்தை, நான் மிகக் குறைவாக வைத்திருந்ததையும் புரிந்துகொள்வதற்குள் ஒரு நாள் பதிவு வீணாகிவிட்டது. காற்றில் கம்பம் ஆடினால், திரையில் நாம் வரைந்து வைத்த கோடு ஓரிடத்திலும் சாலையில் உள்ள கோடு வேறிடத்திலும் இருக்கும். நொடிக்கு 25 ஃபிரேம் பதிவில், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு ஃபிரேமுக்குள் ஏறத்தாழ 67 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது என்பதால், இந்தச் சிறு பிழைகள் சிறியவை அல்ல.

சிவப்பு விழும்போதே கோட்டைத் தாண்டி, திரும்புவதற்காகக் காத்திருப்பவரை மீறியவராக எண்ணக் கூடாது. சிவப்பு எரிந்த பிறகு முன்சக்கரம் கோட்டைக் கடந்தால் மட்டுமே அது கணக்கு.

அப்படி எண்ணி முடித்தால், மீறல்களில் பெரும்பகுதி சிவப்பு விழுந்த முதல் நொடிக்குள்ளேயே குவிந்திருப்பதைக் காணலாம். அந்தக் குவியலைப் பார்த்ததும் நான் ஓட்டுநரைத் திட்டுவதை விட்டுவிட்டு மஞ்சளின் நேரத்தை அளக்கத் தொடங்கிவிடுவேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் மஞ்சளைக் கண்டு சுதாரிக்க ஒரு நொடி, பிறகு திடுக்கிடாத அளவில் பிரேக் போட்டு நிற்க என்று கணக்கிட்டால், அவருக்கு ஏறக்குறைய 62 மீட்டர் தேவை. மஞ்சள் 3 நொடிதான் எரிகிறது என்றால், அதற்குள் அதே வேகத்தில் அவர் கடக்கக்கூடியது 50 மீட்டர். ஆக, கோட்டிலிருந்து 50 மீட்டருக்கும் 62 மீட்டருக்கும் நடுவில் மஞ்சளைச் சந்திப்பவரால் நிதானமாக நிற்கவும் முடியாது, சிவப்புக்கு முன் கோட்டை எட்டவும் முடியாது. காசிஸ், ஹெர்மன், மரதுதின் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் 1960-லேயே இந்தச் சிக்கலைக் கணித வடிவில் எழுதிவிட்டார்கள். மேற்சொன்ன வேகத்துக்கு மஞ்சள் சுமார் 3.7 நொடி இருந்தாக வேண்டும்.

மூன்று, நான்கு நொடி கழித்துச் சாவகாசமாகப் போகிறவரின் கதை வேறு. குறுக்கே பச்சை விழுந்த பிறகு வருகிற அவர்தான் பக்கவாட்டில் மோதுபவர். மஞ்சளை எவ்வளவு நீட்டினாலும் அவர் மாறப்போவதில்லை, அவருக்கு நிரந்தரக் கேமரா வேண்டும் என்றால் நான் மறுக்க மாட்டேன். அதற்கும் விலை உண்டு. அமெரிக்காவின் 7 ஊர்களை வைத்து அந்நாட்டுக் கூட்டரசு நெடுஞ்சாலைத் துறை 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கேமரா வந்த சந்திப்புகளில் பக்கவாட்டு மோதல்கள் 24.6 சதவீதம் குறைந்தன. திடீர் பிரேக்கினால் பின்னாலிருந்து மோதுவது 14.9 சதவீதம் கூடியது.

மஞ்சளை நீட்டிய மறுநாளே கருவியை மீண்டும் கட்டச் சொல்பவர்கள் உண்டு. ஓட்டுநர்கள் புதிய நேரத்துக்குப் பழகச் சில வாரங்கள் விட்டு, முன்பு எடுத்த அதே கிழமையில், அதே மணி நேரங்களில், அதே கம்பத்தில்தான் நான் கட்டுவேன். பழைய பட்டையின் தடம் கம்பத்தில் இருக்கும் என்று நம்பிப் போய், புதிதாகப் பூசிய பெயின்ட்டைப் பார்த்துத் திகைத்து நின்ற பிறகு, உயரத்தை டேப் பிடித்து அளந்து குறித்துக்கொள்கிறேன்.